போணி ஆகட்டும்

வாங்க வாங்க. உள்ள வாங்க. செருப்பு காலோட இருக்கட்டுங்க, பரவாயில்ல. என்ன வேணுங்க? நூலுங்களா? துணி கொண்டாந்திருக்கறீங்களா, காட்டுங்க. அட, மயில்கழுத்துப் பச்சை. இருக்குதுங்க. இதோ பாருங்க, துணி மேல வச்சா நூலு இருக்கறதே தெரியல. கடைவீதி முச்சூடும் அலைஞ்சாலும் இத்தனை பொருத்தமாக் கெடைக்காது.

இல்லீங்க, காசு எடுக்காதீங்க. பையில வைங்க. வேண்டாம்னு சொல்லல, இப்ப வேண்டாங்கறேன். இன்னும் போணி ஆகலீங்க. இன்னைக்குத்தான் கடையே தொறக்கறேன். சாம்பிராணி வாசம் வருதில்லீங்களா? பால் காச்சி, சாமி கும்பிட்டு, இப்பத்தான் உக்காந்தேன். மொதப் போணி பண்றக்கு ஒருத்தர் வர்றாங்க. சுந்தராம்பாள்னு, அரிசிக்கடைக்காரர் சம்சாரம். நெம்ப ராசியானவங்க. பசங்க எல்லாம் நல்ல நெலமையில இருக்கறாங்க, வீட்டுக்காரரு கல்லாட்டம் இருக்கறாரு. அவங்க வந்து ஒரு சாமானை வாங்கிட்டாங்கன்னா அடுத்தது உங்களுக்குத்தான். சித்த உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க, புதுசுதான்.

அவசரங்களா? ஓ, நீங்க தைக்கறவங்களா! எங்க கடை? வீட்லயே தைக்கறீங்களா? ரைஸ்மில் சந்துலயா? புதுசாக் குடி வந்திருக்கறீங்க, அதான் பாத்ததில்ல. நெம்பச் சந்தோசமுங்க. தைக்கறவங்களை நம்பித்தானே இந்தக் கடையவே போட்டிருக்கறேன். நீங்க ஒருத்தர் வாடிக்கையா வந்தாலே எனக்குப் பெருசு. மத்தியானத்துக்குள்ள ஜாக்கெட்டைக் குடுக்கோணும், அவ்வளவுதானுங்களே? அதுக்குள்ள போயிரலாம். சுந்தராம்பாள் அக்கா இப்ப வந்துருவாங்க.

நீங்க ஊருக்குப் புதுசு, என்னைத் தெரிஞ்சிருக்காது. இந்தத் தாராபுரத்துல கடை வச்சிருக்கறவங்க ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, கைராசி வசந்தாமணின்னு. நானாச் சொல்லிக்கறதில்லீங்க. ஊரு வச்ச பேரு. புதுசா ஒரு கடை தொறந்தா, பத்திரிகைய நம்ம வீட்லதான் மொதல்ல கொண்டாந்து வைப்பாங்க. தாம்பூலத்தட்டுல வச்சு, 'அம்மிணி, உங்க கையாலதான் போணி'ம்பாங்க. நானும் குளிச்சுப்போட்டு, பட்டுக் கட்டிக்கிட்டுப் போயி, ஒரு சாமானை வாங்கிட்டு வருவேன். அவ்வளவுதான் வேலை. எங்கூட்டுக்காரரு மொபெட்டுல கொண்டுபோயி எறக்கி உட்டுட்டு வெளியவே நின்னுக்குவாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டாரு. திரும்பிப் போறப்ப, 'இன்னைக்கு என்னத்த வாங்கித் தொலைச்ச?'ன்னு கேப்பாரு. கேலிதான். ஆனா அவருக்கு உள்ளுக்குள்ள பெருமை.

எங்கூட்ல இருக்கற சாமான் பாதி போணிச் சாமானுங்க. பூட்டு மட்டும் அத்தனை கெடக்குது, பூட்டறக்கு அத்தனை கதவில்ல. கண்ணாடிக்கடை தொறந்தப்ப வாங்குன கண்ணாடிய இத்தனை வருசமா ஆருமே போட்டதில்ல. பவர் ஆருக்கும் பொருந்தல. கைக்கொழந்தைச் செருப்பு ஒரு சோடி இருக்குது, அப்ப எங்க புள்ள காலேஜு படிச்சுட்டிருந்தா.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேக்கறீங்களா? கேக்கலீன்னாலும் சொல்றேன், அக்கா வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருக்கலாம். மருதாசலம்னு ஒருத்தரு பாத்திரக்கடை போட்டாரு. நான் கல்யாணமாகி வந்த புதுசு. அன்னைக்குத்தான் கடை தொறந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் போயி ஒரு சொம்பு வாங்குனேன். பொழுது சாயறக்குள்ள கடையில பாதிச் சாமான் வித்துப்போச்சு. அது கல்யாண மாசம், சுத்துப்பட்டு ஊரே பாத்திரம் வாங்க வந்திருந்துச்சு, அதையும் சொல்லோணுமில்ல. ஆனா அவரு, அந்தப் புள்ள கை வச்ச நேரம்னு கடைவீதி பூரா சொல்லிப்போட்டாரு. அங்க புடிச்சதுதானுங்க.

எல்லாக் கடையும் நல்லா ஓடுச்சுங்களான்னா, ஓடுச்சுங்க. ஒண்ணு ரண்டு மூடிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு பேக்கரி மூடிட்டாங்க, அவங்க அடுப்பு வச்ச மூலை சரியில்ல. செல்போன் கடை ஒண்ணு மூடிட்டாங்க, அந்தப் பையன் தங்க மாட்டான், ஊர் சுத்தி. ஜூஸ் கடை ஒண்ணு. அது மழைக்காலத்துல தொறந்தாங்க. மத்ததெல்லாம் என்ற கைராசியிலதான் ஓடுது.

போன பங்குனியில எங்கூட்டுக்காரரு தவறிட்டாருங்க. நூல்மில்லுல மேஸ்திரியா இருந்தாரு. ஷிப்டு முடிஞ்சு வந்து, 'சோத்தைப் போடு, சித்த சாஞ்சுட்டு வந்தர்றேன்'னாரு. நான் சோத்தைப் போட்டு வச்சுக்கிட்டு கூப்புடறேன், கூப்புடறேன். ஆறிப்போகுதேன்னு கோவமா வேற கூப்புட்டேன். அவ்வளவுதான்.

எல்லாரும் என்னை அழுகச் சொன்னாங்க. எனக்கு வரலீங்க. இப்பவும் வரல. கால் மரத்துப்போனா கீழ வச்சது தெரியாதில்லீங்களா, அந்தாட்டம் ஆளே ஆகிப்போச்சு. காப்பி சுட்டாலும் தெரியறதில்ல. துக்கமான்னு கேட்டா துக்கமுமில்ல. ஒண்ணுமே இல்லீங்க. காலையில எந்திரிக்கறேன், பொழுது போகுது, படுக்கறேன். சாமி படத்தைப் பாத்துக் கும்புடறேன், என்ன வேண்டுனேன்னு எனக்கே தெரியல.

பத்திரிகை வர்றதும் நின்னுபோச்சு. அது நிக்கத்தானே செய்யும். ஆரும் என்னைத் தப்பா ஒரு வார்த்தை சொல்லலீங்க. நெம்ப மரியாதையா நடந்துக்கறாங்க. ஜவுளிக்கடை கனகராசு, அவரு மொதக் கடைக்கு நான்தான் போணி, ரண்டாவது கடைய இந்த ஆவணியில தொறந்தாரு. ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டுப் போனாங்க, அதைக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். வேலை மும்முரத்துல மறந்திருப்பாரு. அப்பறம் ஆள்கிட்ட ஒரு சேலை குடுத்து உட்டாரு. சாம்பல் கலரு. நல்ல சேலைங்க, இதோ கட்டியிருக்கறேனே, இதுதான்.

என்ற புள்ள கரூர்ல இருக்கறா. 'தனியா என்ன பண்ணப் போற, இங்க வந்துரு'ன்னா. போயி இருந்து பாத்தேன். மாப்பிள்ளை தங்கமானவரு. ஆனா அங்க எனக்கு வேலையே இல்லீங்க. டீவி முன்னாடி உக்கார வச்சுருவாங்க. அதுல என்ன ஓடுதுன்னே தெரியாம உக்காந்திருப்பேன். நான் ஒரு கடை வைக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல, வாயில வந்துருச்சு. புள்ள சண்டை. கடைசியில மாப்பிள்ளைதான், 'சரி, வர்ற தை வரைக்கும் நடத்திப் பாருங்கத்தை, ஓடலீன்னா வீட்டை வாடகைக்கு உட்டுட்டு இங்க வந்தரோணும்'னாரு. நானும் ஒத்துக்கிட்டேன். இந்தக் கடை ஓடுனா நான் என்ற வீட்ல இருப்பேன். ஓடலீன்னா அந்த டீவி முன்னாடிதான். அதான் போணி விசயத்துல இத்தனை பாக்கறேன், நீங்க சலிச்சுக்காதீங்க.

கடைன்னு சொல்லிட்டேனே தவிர என்ன கடைன்னு தெரியலீங்க. ஒரு பேங்குல சொந்தத் தொழிலுக்குப் பயிற்சி குடுக்கறாங்கன்னு போனேன். எல்லாம் சின்னச் சின்னப் புள்ளைங்க. சொல்லிக்குடுக்கற மேடமும் சின்னப் புள்ளதான். மொத நாளே ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, உங்க பலம் என்னன்னு சொல்லுங்கன்னாங்க. ஒருத்தி கேக்கு செய்வேங்கறா, ஒருத்தி கம்ப்யூட்டருங்கறா. நான் எந்திரிச்சு, 'கைராசி'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் சிரிச்சாங்க. 'அப்ப எங்க எல்லாருக்கும் நீங்கதான் போணி பண்ணோணும்'னாங்க. பக்கத்துல இருந்த ஒருத்தி அவங்க காதுல என்னமோ சொன்னா. மேடத்துக்கு மொகம் சுருங்கிப்போச்சு. 'சாரிம்மா, உக்காருங்க'ன்னாங்க. அவங்க எதுக்கு சாரி கேக்கோணும்? பாவம்.

அந்த மேடம் ஒண்ணு சொன்னாங்க, அது நல்ல சொல்லு. என்ன விக்கலாம்னு வீட்ல உக்காந்து யோசிக்காதீங்க, உங்க தெருவுல ஆளுங்க எதுக்காக வெளிய போறாங்கன்னு பாருங்கன்னாங்க. சரின்னு பாக்க ஆரம்பிச்சேன். ஆளுக்கொரு யோசனை வேற. மச்சாண்டாரு இட்லி மாவு அரைச்சு வில்லுன்னாரு. இந்தத் தெருவுல மட்டும் மூணு வீட்ல அரைக்கறாங்க. புள்ள போன்ல சோப்புத்தூள்னா. அதைத் தொட்டா எனக்குத் தும்மல் நிக்காது. எதுத்த வீட்டுப் பையன் ஜெராக்ஸ் மிஷின் போடுங்கன்னான், அது அவனுக்கு ஜெராக்ஸ் வேணும்.

பேப்பர் கப்பு மிஷின்னு ஒருத்தரு வந்தாரு. டை கட்டிக்கிட்டு, நல்ல பேச்சு. நம்ம கப்பு அடிச்சுக் குடுத்தா அவரே எடுத்துக்குவாராம். நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். அவரு சுவத்துல எங்கூட்டுக்காரரு போட்டோவுல மாலை இருக்கறதையும் பாத்தாரு. பாத்துட்டும், 'அம்மா, உங்க கைராசியப் பத்தி ஊரே சொல்லுது, இந்த ஊருல மொத அட்வான்ஸ் உங்க கையாலதான் வாங்கோணும்'னாரு. அப்படி ஒருத்தர் கேட்டு நெம்ப நாளாச்சுங்களா, எந்திரிச்சுப்போயி எடுத்துக் குடுத்துட்டேன். மிஷின் இன்னும் வரல. போன் எடுக்க மாட்டேங்கறாரு. ஊர் ஊராப் போற ஆளு, டவர் கெடைக்காது. வந்துருமுங்க. நல்ல மனுசன்.

ஏனுங்க, என்ன வேணும்? உங்களைச் சொல்லலீங்க அம்மிணி, வெளிய நிக்கறவரை. ஊசிங்களா? மிஷின் ஊசியா, கை ஊசியா? எதானாலும் இப்ப இல்லீங்க. இருக்குதுங்க, தர மாட்டேன். போணிக்கு ஊசி ஆகாது. பெறகு வாங்க. ஆமாங்க, கடை தொறந்துதான் இருக்குது.

போறாரு. கோவிச்சுக்கிட்டாருன்னு நெனைக்கறேன். போணிக்கு ஊசியக் குடுத்தா கடை குத்திக்கிட்டே இருக்கும்ங்க. வேற எதாச்சும் கேட்டிருந்தா, ஆம்பளை, தாராளமாக் குடுத்திருக்கலாம்.

எங்க உட்டேன்? ஆங், யோசனை. நான் போணி பண்ணுன கடைக்காரங்களையே போயிக் கேக்கலாம்னு தோணுச்சு. அனுபவசாலிங்க இல்லீங்களா? மொதல்ல மருதாசலத்துக்கிட்ட. காலையில கடை தொறக்கறப்பவே போனா ஆள் இருப்பாருன்னு போயிட்டேன். அவரு தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தாரு. என்னைப் பாத்தாரு. தெளிச்ச சொம்போட அப்படியே நின்னாரு. 'அம்மிணி, சாயங்காலமா வாங்க, ஆற அமரப் பேசலாம்'னாரு. சாயங்காலம் போனா அவரு இல்ல, பையன் இருந்தான். அடுத்த நாள் சாயங்காலமும் இல்ல. பெறகு ஒரு நாள் கெடைச்சாரு. நல்ல மரியாதை, டீ வாங்கிக் குடுத்தாரு. எனக்குத்தானுங்க புத்தியில்ல. காலையில வேவாரத்துக்கு உக்கார்ற மனுசன் முன்னாடி போயி நின்னா அவரு என்ன பண்ணுவாரு? அவரு இடத்துல நான் இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்.

அவரு யோசனையும் சரியான யோசனை. 'எந்தக் கடை வேணாலும் வைங்க அம்மிணி, ஆனா முன்னாடி நீங்க உக்காராதீங்க, லட்சணமா ஒரு புள்ளைய உக்கார வைங்க'ன்னாரு. நாயந்தானே? ஆனா ஆளுக்குச் சம்பளம் குடுக்கற அளவுக்கு இப்ப எங்க போறது. அதான் இப்படிப் பண்ணியிருக்கறேன், பாருங்க. சேலைக்குத் தைக்கற இந்த ஃபால்ஸை எல்லாம் முன்னால கயித்துல வரிசையாத் தொங்க உட்டுட்டேன். ரோட்டுல இருந்து பாத்தா கலர் கலராத் துணிதான் தெரியும், நான் தெரிய மாட்டேன். போயி நின்னு நானே பாத்தேன். கொஞ்சங்கூடத் தெரியல. நல்ல யோசனையில்லீங்களா?

இந்தத் தையல் சாமான் யோசனை எப்படி வந்துச்சுன்னா, அது நானாக் கண்டுபுடிச்சது. எங்க தெருவுல கோமளான்னு ஒருத்தி தைக்கறா. அவ வீட்டு வாசல்ல போயி சும்மா உக்காந்திருப்பேன், அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ மிஷின் சத்தம் எனக்கு நல்லா இருக்கும். ஒரு நாள் பாக்கறேன், கொக்கி தீந்துபோச்சுன்னு மிஷினை நிறுத்திட்டு, அடுப்பை அணைச்சுட்டு, வீட்டைப் பூட்டிட்டு கடைவீதிக்குப் போறா. வர்றக்கு அரை நாளாச்சு. அடுத்த நாள் நூலு. அதுக்கடுத்த நாள் லைனிங் துணி, வாங்கியாந்தது கலர் மாறிப்போச்சுன்னு திரும்பப் போறா. 'எல்லாரும் இப்படித்தான் போறீங்களா?'ன்னு கேட்டேன். 'பின்ன? நம்ம பக்கம் தைக்கறவங்க அத்தனை பேரும் பாதி வாழ்க்கை நடந்தே போச்சுக்கா'ன்னா. மேடம் சொன்னது இதுதான்னு அப்பத்தான் ஒறைச்சுது. ஆளுங்க எதுக்காக வெளிய போறாங்க? கொக்கிக்கும் நூலுக்கும்!

அன்னைக்கு ராத்திரி எனக்குப் பசிச்சுதுங்க. அவரு போனதுக்கப்பறம் அன்னைக்குத்தான் பசின்னு ஒண்ணு தெரிஞ்சுது. பழைய சோறுதான் இருந்துச்சு, நல்லாச் சாப்புட்டேன். அடுத்த நாளே மறுபடியும் மரத்துப்போச்சு. ஆனா பசிச்சுது. அதை வச்சுத்தான் இந்தத் தொழிலுதான்னு முடிவு பண்ணேன்.

ஈரோட்டுக்குப் போயி நானே சரக்கு எடுத்தேன். நூலு ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாத்து எடுத்தேன். இதுல கத்தரிப்பூக் கலரே ஏழெட்டு இருக்குது, பாருங்க. அந்த மொத்தக்கடைக்காரரு, 'ஏம்மா, ஆராச்சும் இத்தனை பாத்து எடுப்பாங்களா?'ன்னு கேட்டாரு. இந்த மயில்கழுத்து நூலை அங்கதான் அடியில இருந்து உருவி எடுத்தேன். அவ்வளவு சீக்கிரம் ஆருக்கும் வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன். மொதல்ல வந்து நீங்க அதையே கேக்கறீங்க.

சரக்கு வந்துருச்சு, கடை புடிச்சாச்சு, போணிக்கு ஆள் வேணுமே. ஊருக்கெல்லாம் போணி பண்ணுனவ நான், என்ற கடைக்கு ஆளைத் தேடிப் போகோணும். நங்கையக் கேட்டேன். எங்கூட்டுக்காரரோட அக்காதான். முட்டி வலின்னுட்டாங்க. முட்டி வலியோட அவங்க பழநிக்கு நடந்து போறாங்க, அது வேண்டுதல், அதையும் இதையும் சேக்கக் கூடாது. பெட்ரோல் பங்குக்காரர் சம்சாரத்தைக் கேட்டேன். 'சொல்லியனுப்பறேன்'னாங்க. இன்னும் சொல்லியனுப்பல. கோமளாவைக் கேக்கலாம்னு பாத்தா, அவ வீட்டுக்காரன் அவளை உட்டுட்டுப் போயிட்டான், அது ஆகாது. பாவம், 'நான் வரட்டுமாக்கா?'ன்னு அவளாத்தான் கேட்டா. ரண்டு நாள் கழிச்சு வாம்மான்னுட்டேன். சுந்தராம்பாள் அக்காதான் கடைசியில, 'பாக்கலாம்'னாங்க. பாக்கலாம்னா வர்றேன்னுதானே அர்த்தம்.

இருங்க, போன் அடிக்குது. அவங்கதான்.

சொல்லுங்க்கா. ஆமாங்க்கா, தொறந்துட்டேன். எல்லாம் தயாரா இருக்குது, உங்களுக்குத்தான். என்னங்க்கா? பேத்திக்கா? எப்பருந்து? அடடா. ஆமாமா, காச்சல்காரப் புள்ளைய உட்டுட்டு எப்படி வருவீங்க. இல்லீங்க்கா, நான் ஒண்ணும் நெனைக்கல. சரிங்க்கா. சரிங்க்கா. வெச்சர்றேன்.

வரலையாமுங்க. பேத்திக்குக் காச்சலாம். நேத்துப் பொழுதோட எண்ணெய்க்கடையில அந்தப் புள்ளைய நானே பாத்தேன், குதிச்சுக்கிட்டு இருந்துச்சு. கொழந்தைகளுக்கு அப்படித்தான், ராவோட ராவாக் காச்சல் வந்துரும்.

இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேண்டாம். என்ன செய்யறதுன்னு யோசிக்கறேன், அவ்வளவுதான். நல்ல நேரம் முடியப்போகுது. அப்பறம் ராகுகாலம் வந்துரும், அதுல போணி பண்றக்குக் கடைய மூடிரலாம். அந்த ஊசிக்காரரையாவது உக்கார வச்சிருக்கலாம்.

நேரமுங்களா? தெரியுது அம்மிணி, உங்களுக்கும் வேலை கெடக்குது. இத்தனை நேரம் நீங்களா இருக்கப்போயி உக்காந்திருக்கறீங்க. வேற ஆராச்சும்னா எந்திரிச்சு கடைவீதிக்குப் போயிருப்பாங்க. ஒரு வார்த்தை மொகம் சுளிக்கல. சாமியே பாத்துத்தான் உங்களை அனுப்பியிருக்குமோ என்னமோ.

சரி. நீங்களே போணி பண்ணுங்க. ஆமாங்க, நெசமாத்தான் சொல்றேன். எதுக்குத் தயங்கறீங்க? தைக்கற கை, லட்சுமி இருக்கற கை. மொகமும் நல்லாக் களையா இருக்குது. இருங்க, நூலைச் சாமி படத்துக்கிட்ட வச்சு எடுத்தர்றேன். மஞ்சள் தொட்டு வைக்கறேன். எந்திரிச்சு, கெழக்கே பாத்து நில்லுங்க. வலது கையில காசு குடுங்க, வலது கையிலயே வாங்கிக்குங்க. மனசுல நல்லதா நெனச்சுக்கிட்டு வாங்கோணும். எனக்குக் கையெல்லாம் என்னமோ பண்ணுதுங்க. என்ற கடை. என்ற கடைக்குப் போணி. அவரு இருந்தா வெளிய மொபெட்டு மேல உக்காந்திருப்பாரு.

ஒரே ஒரு வார்த்தைங்க. தப்பா எடுத்துக்காதீங்க. மொதல்லயே கேட்டிருக்கோணும், பேச்சுல உட்டுட்டேன். உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாருங்க?

அப்படீங்களா.

எப்பங்க? ரண்டு வருசமாச்சுங்களா. லாரியா. ஐயோ. சின்னப் புள்ளைங்க வேற இருப்பாங்க.

நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு இருந்துச்சு, அதான் நானும் பாத்துட்டு பேசாம இருந்துட்டேன். இல்லீங்க, வச்சுக்குங்க, இப்ப எல்லாரும் வச்சுக்கறாங்க, தப்பே இல்ல. நான்தான் வைக்கறதில்ல.

காசு உங்ககிட்டயே இருக்கட்டுங்க. நூலு உங்களுக்குத்தான், வேற ஆருக்கும் குடுக்க மாட்டேன், இதோ தனியா எடுத்து வச்சுட்டேன். ஆராச்சும் ஒருத்தர் வந்து ஒரே ஒரு கொக்கி வாங்கிட்டுப் போயிரட்டும். அதுக்கப்பறம் மொத ஆளு நீங்கதான். வேற ஆராச்சும்னா இதுக்குக் கோவிச்சுக்குவாங்க, நம்ம ரண்டு பேருக்குள்ள என்ன இருக்குது, உங்களுக்குத் தெரியாததா. ஒண்ணே ஒண்ணு, இப்படி வாசலை அடைச்சாப்புல வேண்டாம், வர்றவங்க கண்ணுக்கு...

அட. நான் சொல்லி முடிக்கறக்குள்ளயே நீங்களே ஸ்டூலைத் தூக்கிட்டு உள்ள போயிட்டீங்களே. அங்க காத்து வராதுங்க. இருங்க, ஃபேனை அக்கட்டாலத் திருப்பி வைக்கறேன்.